அடிக்கு ஒரு படம்

பொழுது முழுசாக விடிந்திருக்கவில்லை. அதற்குள் கொட்டகையில் இரும்புத் தகடு வெட்டும் ஐந்து பிரஸ்கள் தரையை அதிர வைத்துக்கொண்டிருந்தன. தகட்டை வை, பெடலை மிதி, அடி விழும், துண்டை எடு. இரவெல்லாம் குளிரில் கிடந்த இரும்புத் தகடு காலையில் தொட்டால் பல்வரை கூசும். அதன் ஓரமோ கத்தி. மேலே பூசிய எண்ணெய் கைக்கீறலில் இறங்கினால் உச்சந்தலை எரியும். கையுறை கேட்டால், "கையுறை போட்டா வேகம் வராது" என்பார் முதலாளி. வேகத்தைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பெடல் மிதித்ததில்லை.

ஆறு பிரஸ்ஸில் மூன்றாவது மட்டும் சும்மா நின்றது. ஏணியின் மேல் நின்று சுவரில் டிவி மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது நேர் கீழே தெரிந்தது. கொட்டகையின் மின்சார வேலை அத்தனையும் அவள் பொறுப்பு. பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவள் கரண்டக்கா. போன மாதம் அந்த மூன்றாவது பிரஸ் அவளுடைய தங்கையின் வலது கையில் மூன்று விரல்களை வாங்கிக்கொண்டது. மறுநாளே அடி விழும் மேடையை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவச் சொல்லிவிட்டார் முதலாளி.

"நான் மிதிக்கலக்கா. காலை எடுத்துட்டேன். அதுவா வந்துச்சு." மயக்கம் தெளிந்ததும் தங்கை சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி சொன்னது வேறு: "தூக்கக் கலக்கத்துல மிதிச்சுட்டா. அவ கால், அவ கை. கம்பெனி என்ன பண்ணும்?" அதோடு கை கழுவிவிட்டுப் போய்விட்டார். கிளட்ச் தேய்ந்துபோய் ஒரு மிதிக்கு இரண்டு அடி அடிக்கிறது என்று முன்பே சொன்ன ஃபிட்டரை அவர் எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அந்தக் கூடுதல் அடியை மற்றவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். ஆனால் "கண்ணால பார்த்தியா?" என்று கேட்டால் என்ன சொல்வது? கண் இமைப்பதற்குள் நடந்து முடிகிற காரியம் அது. தங்கையின் மேல் விழுந்த பழி அப்படியே நின்றது.

கரண்டக்கா தினமும் விடிகாலையில் ஒரே ஒரு காட்சியைக் கண்முன் ஓட்டிப் பார்ப்பாள். முதலாளியின் கை அந்த மேடைமேல் இருக்கும், பெடலில் அவளுடைய கால் இருக்கும். அதை நினைத்த பிறகுதான் அவளால் ஒரு வாய் டீ குடிக்க முடிந்தது.

"இறங்கு கீழ," என்று குரல் கேட்டது. முதலாளி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி கணக்கு சார் நின்றார். சம்பளம் போடுவது, பிடித்தம் போடுவது, வாசல் கேமராவைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. பிடித்தம் போடுகிறவர் என்பதால் கொட்டகையில் யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

முதலாளி ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புக் கட்டி. முன்னால் கனத்த லென்ஸ், பின்னால் ஒரு நெட்வொர்க் சாக்கெட், பக்கத்தில் ஊசி ஊசியாகக் குத்தி வைத்த ஒரு வட்ட சாக்கெட்.

"மூடிப்போன ஃபேக்டரி ஒண்ணு ஏலத்துக்கு வந்துச்சு, அதுல எடுத்தேன். ஃபேக்டரிக்குன்னே செஞ்ச கேமரா. துண்டுல மயிரிழை பிசகினாலும் காட்டிக் குடுத்துடும். மூணாவது பிரஸ் மேல மாட்டுங்க. துண்டு மட்டும் தெரிஞ்சா பத்தாது. கையும் தெரியணும், காலும் தெரியணும். எவ எப்ப மிதிக்கிறா, எவ எப்பத் தூங்குறான்னு எனக்குப் பெருசா டிவியில தெரியணும்." அவர் கரண்டக்காவைப் பார்த்துக்கொண்டே முடித்தார். "அப்புறம் இந்த 'தானா அடிச்சுச்சு' கதையெல்லாம் இங்க எடுபடாது."

"முதல்ல அந்தக் கிளட்ச்சைப் பார்த்துட்டு மாட்டலாமே, முதலாளி."

"கிளட்ச் நல்லாத்தான் இருக்கு. உங்க கையும் கண்ணும்தான் சரியில்ல. நாளைக் காலைல நம்மகிட்ட சரக்கு வாங்குற கம்பெனி ஆளுங்க வர்றாங்க. படம் ஓடணும், மூணாவது பிரஸ்ஸும் ஓடணும். பெரியக்காவை அதுல உட்கார வைக்கிறேன். இன்னிக்கே ஓட்டிப் பழகட்டும்."

கணக்கு சார் மெல்லக் கேட்டார். "இதுக்கு விளக்கப் புத்தகம் ஏதாவது..."

"ஏலத்துல புத்தகம் வேற குடுப்பாங்களா? டிவியில சொருகினா வரப்போகுது. இதுல என்ன இருக்கு?"

அவர் போய்விட்டார். பெரியக்கா ஐந்தாவது பிரஸ்ஸிலிருந்து எழுந்து வந்து மூன்றாவதின் முன்னால் நின்றாள். கொட்டகையிலேயே வயதில் மூத்தவள். வீட்டில் கணவர் படுத்த படுக்கை. "என் கையில பத்து விரல் இருக்கிறது அந்த ஆளு கண்ணை உறுத்துது போல," என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

கரண்டக்கா கேமராவைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். இது ஒழுங்காக ஓடப் போவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாள். ஆனால் இன்றைக்கு எரிந்தால் கடைக்கு அனுப்பிப் பழுது பார்த்துவிடுவார்கள். இன்றைக்கு நல்லபடியாக ஓடட்டும். நாளைக்கு அந்தக் கம்பெனி ஆட்கள் முன்னால், சின்னக் கரண்ட் போக வேண்டிய வயரில் பெரிய கரண்ட்டை விட்டால், அவருடைய கண்ணெதிரிலேயே அவருடைய கண் கருகும். அந்தப் புகை நாற்றத்தை நினைக்கவே அவளுக்கு இனித்தது.

டிவியில் சொருகலாம் என்றால், கேமராவில் டிவிக்கான சாக்கெட்டே கிடையாது. எண்ணெய் டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மடிக்கணினியை வைத்தார் கணக்கு சார். கணினியிலிருந்து டிவிக்கு ஒரு வயர். கேமராவிலிருந்து கணினிக்கு நெட்வொர்க் வயர்.

"வாசல் கேமராவுக்கு இந்த ஒரே வயர்ல கரண்டும் போகும், படமும் வரும். இதுவும் அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லிச் சொருகினார். கேமராவில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

"செத்துடுச்சாம்மா?"

"பசி சார். இதுக்குச் சோறு வேற வாசல் வழியாப் போகணும் போல." அவள் வட்ட சாக்கெட்டைக் காட்டினாள். பெட்டியின் அடியில் அதற்கான வயர் கிடந்தது. ஒரு முனையில் வட்டத் தலை, மறுமுனையில் அறுத்துவிட்ட மாதிரி பல நிற வயர்கள். கேமராவின் முதுகில் ஒட்டியிருந்த தாள் பாதி தேய்ந்துபோய், கரண்டுக்கான இரண்டு நிறங்கள் மட்டும் மிச்சமிருந்தன. அந்த இரண்டையும் பிரஸ்ஸின் பெட்டியிலிருந்து வரும் சின்னக் கரண்டில் சேர்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

ஆனால் கணினி கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. கணக்கு சார் போனில் தேடினார், எதையோ இறக்கினார், நெற்றியைத் துடைத்தார். "ரெண்டுக்கும் தனித்தனி விலாசம் இருக்கும்மா. ஒரே தெருவுல இருந்தாத்தான் பேசிக்கும். இது எந்தத் தெருன்னே தெரியல."

"சண்டை போட்டுக்கிட்ட சம்பந்தி மாதிரி," என்றாள் பெரியக்கா, பிரஸ்ஸில் தகட்டை வெட்டும் அச்சான டையைத் துடைத்தபடியே.

அவர் விலாசத்தை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு தடவை ஆபீஸ் பிரிண்டர் வந்து மாட்டிக்கொண்டு, மாடியில் அது தானாக ஒரு வெள்ளைத் தாளைத் துப்பியது. கடைசியில் ஏதோ ஒரு விலாசத்தில் கேமராவின் பெயர் கணினியில் எழுந்தது. எல்லோரும் நிமிர்ந்து டிவியைப் பார்த்தார்கள். கன்னங்கரேல் என்று இருந்தது.

"சார், அது மூஞ்சியில மூடி இருக்கே," என்றாள் பெரியக்கா.

லென்ஸ் மூடியைக் கழற்றும்போது கணக்கு சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொட்டகையும் சேர்ந்து சிரித்தது. அவரோடு சேர்ந்து அங்கே யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் மூடியை எடுத்த பிறகும் டிவி கறுப்புத்தான். டியூப் லைட்டை இறக்கிப் பக்கத்தில் கட்டிப் பார்த்தார்கள். லென்ஸைத் திருகிப் பார்த்தார்கள். கறுப்பு போகவில்லை.

"எல்லாம் சேர்ந்தாச்சு. படம் மட்டும் வரல. எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு," என்றார் அவர்.

மிச்ச வயர்கள் வெட்டவெளியில் தொங்கிக்கொண்டிருந்தன. எங்காவது இரும்பில் பட்டுத் தொலைக்கும் என்று அவற்றைக் கட்டி ஒதுக்க ஆரம்பித்தாள் கரண்டக்கா. அந்தக் கொட்டகையில் வயர் நிறத்துக்கு ஊர் உலகத்தில் இல்லாத சட்டம் ஒன்று உண்டு. மஞ்சள் என்றால் எண்ணிக்கை. ஒவ்வொரு பிரஸ்ஸிலும், எத்தனை அடி அடித்தது என்று எண்ணும் சின்னப் பெட்டி இருக்கும். அடி விழும்போதெல்லாம் அதற்குத் தகவல் போவது மஞ்சள் வயரில். பழைய ஃபிட்டர் வைத்த வழக்கம். கேமரா வயரிலும் ஒரு மஞ்சள் இருந்தது. அவள் கை மூளையைக் கேட்காமல் மஞ்சளோடு மஞ்சளை முறுக்கி, கூடவே அதன் ஜோடி வயரையும் சேர்த்து டேப் சுற்றிவிட்டது. சுற்றி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயையோ! இது கேமரா வயர் ஆச்சே!"

அவள் டேப்பைப் பிரிப்பதற்குள், புது டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரியக்கா பெடலை ஒரு மிதி மிதித்தாள். அடி விழுந்தது. டிவி பளிச்சென்று விழித்துக்கொண்டது. டை, தகடு, பெரியக்காவின் கை, கீழே பெடல்மேல் அவளுடைய கால் எல்லாம் சுவர் அகலத்துக்கு அசையாமல் நின்றன. கை ரேகையைக்கூட எண்ணலாம்.

"இன்னொரு மிதி மிதிங்க!" என்று கத்தினார் கணக்கு சார். மிதித்தாள். படம் மாறியது. அவர் தொடையில் தட்டிக்கொண்டார். "முன்னால இருந்த ஃபேக்டரில இதை இப்படித்தான் வச்சிருந்திருக்காங்க! மெஷின் சொன்னாத்தான் இது கண்ணைத் திறக்கும். அடிச்சா படம், அடிக்கலைன்னா பழைய படமே நிக்கும். அடிக்கு ஒரு படம்!"

பெரியக்கா தொடர்ந்து ஓட்டிப் பார்த்தாள். அவள் விவரமானவள். டைக்குள் கையை விடாமல், உடைந்த துடைப்பக் கட்டையால்தான் துண்டைத் தள்ளினாள். மிதித்தாள், அடி, படம். காலை எடுத்தாள், கட்டையால் துண்டைத் தள்ளினாள். மறுபடி மிதித்தாள், அடி, படம். காலை எடுத்தாள். கட்டையை உள்ளே நீட்டினாள்.

பிரஸ் தானாக இறங்கியது.

கட்டை நடுவில் நசுங்கிப் பிளந்தது. பெரியக்கா பின்னால் சாய்ந்து விழுந்தாள். பக்கத்து பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அப்புறம் எல்லோர் தலையும் மேலே திரும்பியது.

டிவியில் எல்லாம் இருந்தது. டை இறங்கி நிற்கிறது. அதன் பல்லுக்கு நடுவில் கட்டை. கட்டையைப் பிடித்த கை. கீழே பெடல் வெறுமையாக இருக்கிறது. கால் தரையில் ஊன்றியிருக்கிறது, பெடலுக்கு ஒரு முழம் தள்ளி.

கரண்டக்கா அந்தக் காலைப் பார்த்தாள். தன் தங்கையின் கால் அது. காலை எடுத்துட்டேன்க்கா, எடுத்துட்டேன்க்கா என்று அவள் ஒரு மாதமாகத் தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்த கால். கரண்டக்காவுக்கு அழுகை வரவில்லை. வெறிதான் வந்தது. கேமராவை எரிக்க நினைத்த தன் புத்தியை அவளே காறித் துப்பலாம் போலிருந்தது. எரிப்பதாவது! அந்த ஆள் காசு கொடுத்து வாங்கிய கண். காலும் தெரியணும் என்று அவரே வாயால் சொல்லி வைத்த கண். அவருடைய கண்ணாலேயே அவர் குடுமியைப் பிடிக்க வேண்டும்.

கணக்கு சார் வெளிறிப்போய் நின்றார். "இதைப் பார்த்தா அழிக்கச் சொல்வார்."

"அழிப்பீங்களா?"

அவர் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். விபத்து ரிப்போர்ட்டில் தங்கையின் பெயருக்கு நேரே 'கவனக்குறைவு' என்று தட்டச்சு செய்தது அவருடைய விரல்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க," என்றார் கடைசியில். "எல்லாரும் போனை எடுங்க. ஒருத்தர்கிட்ட இருந்தா ஒருத்தரை மிரட்டுவார். எல்லார்கிட்டயும் இருக்கட்டும்."

மறுநாள் விடிகாலையில் எல்லோரும் வழக்கம்போல் வந்தார்கள். அவரவர் பிரஸ்ஸின் முன்னால் உட்கார்ந்தார்கள். பெடலில் யாரும் கால் வைக்கவில்லை. மோட்டார்கள் மட்டும் சும்மா உறுமிக்கொண்டிருந்தன. தங்கையும் வந்திருந்தாள், கையில் கட்டோடு. அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கவே அவள் பயந்தாள். பெரியக்கா வாசல்வரை போய் இடுப்பைச் சுற்றி அணைத்துக் கூட்டி வந்தாள். டிவியைப் பார்த்ததும் தங்கை நின்றுவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல," என்றாள்.

முதலாளி சலவைச் சட்டையும் வாசனையுமாக உள்ளே வந்தார். சத்தம் இல்லாத கொட்டகை அவருக்குப் புதுசு. "என்ன இது? ஏன் எல்லாம் நிக்குது?" பிறகுதான் டிவி கண்ணில் பட்டது. நசுங்கிய கட்டையும் வெறும் பெடலும் அவரை உற்றுப் பார்த்தன.

"அந்தப் படத்தை எடு."

"நீங்க கேட்ட மாதிரிதான் மாட்டியிருக்கு, முதலாளி," என்றாள் கரண்டக்கா. "கையும் தெரியுது, காலும் தெரியுது. யாரு தூங்கினாங்கன்னும் தெரியுது."

"ஏலத்துல வாங்கின கேமரா. அது எதையாவது காட்டும்."

"நேத்து மயிரிழைகூடத் தப்பாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு ராத்திரியில கண்ணு கெட்டுப் போச்சா?"

முதலாளி கணக்கு சார் பக்கம் திரும்பினார். "அழிய்யா அதை. இப்பவே."

கணக்கு சார் மடிக்கணினியைத் தொடவில்லை. "எல்லார் போன்லயும் போயிடுச்சு சார். தொழிலாளர் ஆபீசுக்கும் அனுப்பியாச்சு. அந்த ஃபிட்டருக்கும் போயிருக்கு."

"மெயினை அணை!"

"அணைக்கலாம். வர்றவங்களுக்கு இருட்டுல எதைக் காட்டப் போறீங்க?" என்றாள் கரண்டக்கா. அவள் மூன்றாவது பிரஸ்ஸின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "படம் மாறணும்னா ஒரே வழிதான் இருக்கு. இந்த பிரஸ் இன்னொரு அடி அடிக்கணும். தகடு வைக்கணும், உள்ள கை விடணும், மிதிக்கணும். எங்கள்ல யாரும் செய்யப் போறதில்ல. நல்ல பிரஸ்தானே, நீங்க செய்ங்க."

"என்னடி பெரிய வித்தை! இங்க பாரு!" முதலாளிக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. சட்டைக் கையை மடித்தார். ஒரு தகட்டை எடுத்தார். எண்ணெய் பிசுக்கில் முகம் சுளித்தது. குனிந்து தகட்டை டையை நோக்கி நீட்டினார்.

கை மேடையின் விளிம்பைத் தாண்டி உள்ளே போனது. மோதிரம் டியூப் லைட்டில் மின்னியது.

கரண்டக்காவின் கால் பெடலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு சாண்கூட இல்லை. ஒரு மாதமாகத் தினமும் விடிகாலையில் அவள் மிதித்த மிதி அது. கணுக்கால் நரம்பு இழுத்தது. யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். பிரஸ் தானாக அடித்தது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். படமும் சொல்லுமா? காலைக் காட்டும் படம் அது. அவள் அதைக்கூட நினைக்கவில்லை. அவள் நினைத்தது ஒன்றுதான்: இந்தக் கை போனால் இது ஒரு மனிதனின் வலி, அவ்வளவுதான். எல்லோரும் ஓடிப்போய்த் தூக்குவார்கள். பாவம் என்பார்கள். அவருக்கு அந்தப் பாவம் என்ற வார்த்தையைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அவள் காலை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி இரண்டடி பின்னால் வைத்தாள்.

"யார் காலும் பெடல்ல இல்ல, முதலாளி. பயப்படாம விடுங்க."

முதலாளி கீழே பார்த்தார். பெடல் வெறுமையாக இருந்தது. மேலே பார்த்தார். டிவியிலும் பெடல் வெறுமையாகத்தான் இருந்தது. மேலே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கிளட்ச்சுக்குள் ஏதோ ஒன்று லேசாகக் கடகடத்தது. அவ்வளவுதான். சுட்ட பாத்திரத்திலிருந்து எடுப்பது மாதிரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். தகடு தரையில் விழுந்து உருண்டு, சத்தம் அடங்கும்வரை சுற்றியது. கை மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மறு கையால் பொத்தியிருந்தார். பத்து விரலும் இருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. பார்த்தார்கள். ஒவ்வொரு ஜோடிக் கண்ணும் அந்தக் கையைப் பார்த்தது. அவருக்கு அதுதான் பொறுக்க முடியவில்லை.

"கிளட்ச் நல்லா இருக்குன்னீங்களே," என்றாள் தங்கை. விபத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. கட்டுப் போட்ட கையை மறைக்காமல் நேராக நின்று கேட்டாள்.

"எல்லாரையும் வெளிய தள்ளிடுவேன். புது ஆளுங்களைக் கொண்டுவந்து ஓட்டுவேன்!"

"கொண்டுவாங்க. முதல்ல இந்தப் படத்தைக் காட்டுவோம். அப்புறமா அவங்க மிதிக்கட்டும்," என்றாள் பெரியக்கா.

"ஃபிட்டர் திரும்ப வரணும். ஆறு கிளட்ச்சும் மாத்தணும். இவ மேல போட்ட பழியை நீங்களே எங்க எல்லார் முன்னாடியும் எடுக்கணும்," என்றாள் கரண்டக்கா. "அதுவரைக்கும் இங்கதான் இருப்போம். வெளிய போறதா இல்ல."

அவள் திரும்பி மோட்டார்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனாள். உறுமல் குறைந்து குறைந்து, கடைசிச் சக்கரமும் தளர்ந்து நின்றது. டிவியின் வயரை மட்டும் அவள் தொடவில்லை. தொழிலாளர்கள் பிரஸ்களுக்கு நடுவில், எண்ணெய் ஊறிய தரையில் உட்கார்ந்தார்கள். கணக்கு சார் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பெரியக்கா நகர்ந்து இடம் விட்டாள். அவரும் உட்கார்ந்தார்.

வாசலில் காரின் ஹாரன் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள். முதலாளி வாசலையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். யாராவது எழுந்து போய்க் கதவைத் திறப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் எழவில்லை. ஹாரன் மறுபடி அலறியது. கதவைத் திறக்க அவரே நடந்து போக வேண்டியிருந்தது.